அந்தமான் தீவுகளில் அன்றாட வானிலை அளவீடும் புயல் முன்னறிவிப்பும்

வங்காள விரிகுடாவுக்கும் அந்தமான் கடலுக்கும் இடையே, வடக்குத் தெற்காக 700 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடப்பவை அந்தமான் நிக்கோபார்த் தீவுகள். இவற்றின் வடகோடிக்கு மியன்மாரின் கரையும், தென்கோடிக்குச் சுமாத்திராவும் இந்தியப் பெருநிலத்தைக் காட்டிலும் அண்மையில் உள்ளன. தலைநகரான போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயரைப் பெற்றது. சென்னையிலிருந்து அது ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இத்தொலைவே வானிலை இயலில் இத்தீவுகளுக்குத் தனிச் சிறப்பை அளிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று இந்திய எல்லைக்குள் முதன்முதலாக நுழைவது இங்கேதான். கேரளக் கரையை அது சாதாரணமாக ஜூன் முதல் நாளையொட்டி அடைகிறது. அந்தமான் கடலையோ அதற்கு ஒன்றரை வாரம் முன்னதாகவே அடைந்துவிடுகிறது. இதுபோன்றே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா ஆகிய மாநிலங்களின் கரைகளைத் தாக்கும் புயல்களிற் பல அந்தமான் கடலிலோ அதன் அருகிலோ தோன்றி மேற்கு நோக்கி நகர்பவையே. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர்த் தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத் தோன்றியதாகும். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையருகே கரை கடந்த வர்தா புயலும் இப்பகுதியினின்று வந்ததே.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் புயலொன்று 1,350 கிலோமீட்டரைக் கடக்க 90 மணி நேரம் ஆகும். ஆகவே, புயல் அந்தமானில் அறியப்பட்டால், தமிழ்நாட்டுக் கரைக்கு மூன்று நாட்களுக்கும் மேற்பட்ட அவகாசம் கிட்டுகிறது. கரைக்கு இவ்வாறு முன்கூட்டியே செய்தி தரும் தீவுகளுக்கு முன்கூட்டியே செய்தி தருவது எது என்னும் வினா இங்கு எழுகிறது. புயல் தங்கள் வாயிற்படியிலேயே பிறப்பதால், தீவு மக்களுக்குக் கிட்டும் அவகாசம் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு நாட்களே. அந்நேரத்தில் புயல் இளமையானது. அதன் அறிகுறிகளும் சிறியவை. அச்சிறிய அறிகுறிகளை, புயலற்ற நாட்களில் இடைவிடாது எடுத்துவைத்த அளவுகளோடு ஒப்பிட்டே இனங்காண முடியும். அன்றாட அளவீட்டின் பயன் யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புயலாராய்ச்சி வரலாற்றில் இத்தீவுகள்

1844 நவம்பரில், போர்வீரர்களையும் அவர்களது குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு இரண்டு கப்பல்கள் கல்கத்தாவை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்த ‘ரன்னிமீட்’. மற்றொன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து வந்த ‘பிரிட்டன்’. ஒன்றையொன்று அறியாத இவ்விரு கப்பல்களையும் ஒரே புயல் பற்றி இழுத்து, அந்தமானைச் சேர்ந்த ஜான் லாரன்ஸ் தீவின் கரையில், ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவின்றி எறிந்தது. கப்பல்களிலிருந்தோர் பெரும்பாலும் உயிர் தப்பினர். கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன் என்பார் அக்கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, ஒவ்வொரு மணி நேரத்திலும் காற்று எத்திசையினின்று வீசிற்று, பாரமானி எவ்வளவு இறங்கிற்று என்பதை ஆராய்ந்து, புயல் சென்ற வழியை வரைந்தார். புயற்காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வதைக் குறிக்க, பாம்பின் சுருளை உணர்த்தும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்னும் பெயரை 1848-இல் வெளிவந்த தமது நூலில் வழங்கியவரும் இவரே.

பிடிங்டனின் ஆராய்ச்சி, புயல் கடந்து சென்ற பின்னர்ச் செய்யப்பட்டது. வருமுன் அறிவதற்கு நிலையான அளவீட்டு நிலையங்களும், அளவுகளை உடனுக்குடன் அனுப்பும் வழியும் வேண்டும். 1864 அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிப் பேரழிவை விளைவித்தது. இத்தகைய புயல்களும், தொடர்ந்து வந்த பஞ்சங்களும் 1875-இல் இந்திய வானிலைத் துறை தோற்றுவிக்கப்படக் காரணமாயின.

எனினும், அளவெடுத்தல் மட்டும் போதுமானதன்று என்பதற்கு 1891 நவம்பர் தொடக்கத்தில் போர்ட் பிளேரைத் தாக்கிய புயல் சான்றாகும். ‘எண்டர்பிரைஸ்’ என்னும் அரசுக் கப்பல் அப்போது பாறையில் மோதி உடைந்து, எழுபதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். உயிருடன் கரையொதுங்கிய சிலரைத் தண்டனைக் குடியிருப்பைச் சேர்ந்த பெண் கைதிகள் அலைகளினூடே இறங்கி மீட்டனர். அக்காலத்தில் போர்ட் பிளேருக்குத் தந்தி வசதி இல்லை. செய்தி யாவும் கப்பலிலேயே சென்றன. புயலைக் கண்ட தீவு அதை வெளியே சொல்லவும் இயலாது. வெளியே கண்டவர் தீவுக்குச் சொல்லவும் இயலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மாக் கரையோரத்து டைமண்ட் தீவுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி அமைந்த பின்னரே இக்குறை நீங்கலாயிற்று.

நிலையத்தின் அன்றாடப் பணி

இன்று மாயாபந்தர், லாங் தீவு, ஸ்ரீ விஜயபுரம், ஹட் பே, கார் நிக்கோபார், நன்கவுரி முதலிய இடங்களில் வானிலை நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. உலகின் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஐந்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண் உண்டு. சென்னை மீனம்பாக்கத்தின் எண் 43279. ஸ்ரீ விஜயபுரத்தின் எண் 43333. நிலையத்தின் பெயரை எழுதாமலே, எந்த நாட்டு வானிலை அலுவலகமும் இவ்வெண்ணைக் கொண்டு அளவு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்கிறது.

அளவெடுக்கும் நேரங்களும் உலகம் முழுவதற்கும் பொதுவானவை. கிரீன்விச் நேரத்தில் நள்ளிரவு தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லா நாடுகளும் ஒரே கணத்தில் அளவெடுக்கின்றன. இந்திய நேரப்படி இவை காலை 5.30, 8.30, 11.30 என வரும். புயல் அண்மையில் இருப்பின் மணிக்கொருமுறை அளவெடுக்கப்படும். ஒரே கணத்தில் எடுத்த அளவுகளை ஒரே வரைபடத்தில் குறித்தால்தான் சம அழுத்தக் கோடுகளை வரையவும், தாழ்வின் மையத்தைக் காணவும் இயலும். ஒரு நிலையம் அரைமணி நேரம் பிந்தி எடுத்த அளவை உரிய நேரத்தில் எடுத்ததாக எழுதினால், அவ்வரைபடத்தின் அப்பகுதி பொய்யாகிவிடும்.

பணியிலிருக்கும் வானிலை நோக்கர் குறிக்க வேண்டியவை பல. மரச் சட்டங்களாலான காற்றோட்டமுள்ள பெட்டியினுள் வைத்த உலர்ந்த குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகளின் அளவுகள். பாரமானி காட்டும் அழுத்தம். காற்றின் திசையும் வேகமும். வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம், அது எவ்வகை மேகம், எவ்வளவு உயரம். கண்ணுக்குப் புலப்படும் தொலைவு. மழைமானியில் சேர்ந்த நீர் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பாதரசப் பாரமானிகளின் இடத்தை இப்போது மின்னணுப் பாரமானிகள் பெற்றுவருகின்றன; தாமாகவே அளந்து அனுப்பும் கருவிகளும் பல இடங்களில் உள்ளன. எனினும் மேகத்தின் வகையையும் கடலின் தோற்றத்தையும் குறிக்கக் கண்ணே வேண்டியிருக்கிறது.

நிலத்தின் மீது எடுக்கும் அளவோடு பணி முடிவதில்லை. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து நாள்தோறும் உரிய நேரங்களில் பலூன் மேலே விடப்படுகிறது. அதனுடன் கட்டப்பட்ட சிறு கருவி, மேலே செல்லச் செல்ல வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை வானொலி வாயிலாக அனுப்புகிறது. பலூன் நகரும் வழியைக் கொண்டு மேற்காற்றின் திசையும் வேகமும் கணிக்கப்படுகின்றன. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குக் கடலே சூழ்ந்துள்ள இடத்தில், மேற்காற்றை நேரடியாக அளக்கும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று இது.

பாரமானியின் நாள்முறை ஏற்ற இறக்கம்

அன்றாட அளவு எவ்வாறு புயலைக் காட்டித் தருகிறது என்பதைப் பாரமானியைக் கொண்டு எளிதில் விளக்கலாம். வெப்ப மண்டலத்தில், எவ்விதக் குழப்பமும் இல்லாத நாளிலும், காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. சூரிய நேரப்படி காலை 10 மணி, இரவு 10 மணி அளவில் அது உச்சத்தை அடைகிறது. காலை 4 மணி, மாலை 4 மணி அளவில் தாழ்கிறது. சூரிய வெப்பத்தால் வாயு மண்டலம் முழுவதிலும் எழும் ஒருவகை ஓதமே இதற்குக் காரணம். காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்வுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, மில்லிபார் என முன்னர் வழங்கிய ஹெக்டோபாஸ்கல் அளவில் ஏறக்குறைய 3 ஆகும்.

அந்தமானில் இந்த நேரங்கள் கடிகாரத்தோடு ஒத்துவருவதில்லை என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. இந்தியத் திட்டநேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. ஸ்ரீ விஜயபுரமோ ஏறக்குறைய 92.75 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடமாக, அங்குச் சூரியன் கடிகாரத்துக்கு 41 நிமிடம் முந்துகிறது. ஆகவே காலை உச்சம் கடிகாரத்தில் 9.20 மணியளவிலும், மாலைத் தாழ்வு 3.20 மணியளவிலும் வரும்.

இதை அறியாத ஒருவர் காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் பாரமானியைப் பார்த்து, ‘அழுத்தம் 3 அளவு இறங்கிவிட்டது, புயல் வருகிறது’ என்று அஞ்சக்கூடும். அது வீண் அச்சம். மாறாக, நேற்றுக் காலை 8.30-க்கு 1010.5 ஆக இருந்த அழுத்தம் இன்று காலை 8.30-க்கு 1007 ஆக இருப்பதாகக் கொள்வோம். இறக்கம் 3.5 மட்டுமே, ஆயினும் ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு அளவுகளின் வேறுபாடு இது. நாள்முறை ஓதம் இதிற் கலக்கவில்லை. வெப்ப மண்டலத்தில் 24 மணி நேரத்தில் இவ்வளவு இறக்கம் ஏற்படுவது அன்றாட நிகழ்ச்சியன்று. எங்கோ அருகில் ஒரு தாழ்வு உருவாவதை அது குறிக்கலாம். ஓரளவு இறக்கமே ஒரு சூழலில் பொருளற்றதாகவும் மற்றொரு சூழலில் பெரும் பொருளுடையதாகவும் இருப்பதை இதனின்று அறியலாம். நேற்றைய அளவு எழுதப்படாவிடில் இன்றைய அளவுக்குப் பொருளே இல்லை.

காற்றும் அலையும் கூறுவன

1857-இல் டச்சு நாட்டு அறிஞர் பய்ஸ் பாலட் ஒரு விதியை வெளியிட்டார். பூமியின் வடபாதியில் ஒருவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்ந்த அழுத்தம் அவரது இடக்கைப்புறம் இருக்கும். ஸ்ரீ விஜயபுரத்தில் வடக்கிலிருந்து பலத்த காற்று வீசுவதாகக் கொள்வோம். முதுகை வடக்கே காட்டித் தெற்கு நோக்கி நிற்பவருக்கு இடக்கை கிழக்கு. எனவே தாழ்வின் மையம் கிழக்கே, அந்தமான் கடலில் உள்ளது.

அம்மையம் மேற்கு நோக்கி வருகையில் காற்று எவ்வாறு திரும்புகிறது என்பதும் செய்தி தருவதே. வடக்கிலிருந்து வீசிய காற்று வடகிழக்காகவும் பின்னர்க் கிழக்காகவும் திரும்பினால், மையம் நிலையத்துக்குத் தெற்கே கடக்கிறது. அது வடமேற்காகவும் மேற்காகவும் திரும்பினால், மையம் வடக்கே கடக்கிறது. திசை சிறிதும் மாறாமல் காற்று வலுக்க, அழுத்தமும் இடைவிடாது இறங்கினால், மையம் நிலையத்தை நேராக நோக்கி வருகிறது என்று கொள்ள வேண்டும்.

இங்கும் அன்றாட அறிவு துணைநிற்க வேண்டும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் இத்தீவுகளில் வடகிழக்குக் காற்று வீசுவது இயல்பு. ஆகவே அக்காலத்தில் வடகிழக்குக் காற்று தானே எதையும் நிறுவாது. அதே மாதங்களில் காற்று மேற்கிலிருந்து நிலைத்து வீசத் தொடங்கினால், அது பருவத்துக்கு மாறானது. உடனே கவனிக்கத் தக்கது. ஜூலை மாதத்திலோ மேற்கு, தென்மேற்குக் காற்றே இயல்பானது. மாதத்துக்கு மாதம் எது இயல்பு என்பதைப் பதிவேடு கூறுகிறது.

கடலலையும் முன்செய்தி கொணர்வதுண்டு. புயலின் நடுவில் எழும் நீண்ட அலைகள் புயலைவிட விரைவாகச் செல்கின்றன. 12 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைத்தொகுதி ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர் செல்லும். புயலோ சாதாரணமாக மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டரே நகரும். எனவே காற்று அமைதியாயிருக்கும் நாளிலும், அலைகளின் இடைவெளி நீண்டு, அவை கனத்து வந்து கரையில் மோதுவதைக் கடலோர மக்கள் நெடுங்காலமாகவே கவனித்துவந்துள்ளனர். ஆயினும் தீவின் மறுபுறத்தில் இவ்வலை தெரியாது போகலாம். தொலைவிலுள்ள வேறொரு கடலின் புயலாலும் இத்தகைய அலை வரக்கூடும். ஆகவே இதனைத் தனிச் சான்றாகக் கொள்ளாமல், அழுத்தத்தோடும் காற்றோடும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஒரே தீவுகளைக் கடந்த இரு புயல்கள்

அளவீட்டின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவன இரண்டு புயல்கள். 2013 நவம்பர் 23-ஆம் நாள் தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் தோன்றியது. அது புயலாக வலுத்து, 25-ஆம் நாள் காலை போர்ட் பிளேர் அருகே தீவைக் கடந்தது. இதற்கு லெஹர் என்று பெயரிடப்பட்டது. 2014 அக்டோபர் 7-ஆம் நாள் வடக்கு அந்தமான் கடலில் மற்றொரு தாழ்வு மண்டலம் தோன்றி, மறுநாட் காலையிலேயே ஹுட்ஹுட் என்னும் புயலாகி லாங் தீவு அருகே கடந்தது. முதலாவது தோன்றித் தீவை அடைய ஏறக்குறைய ஒன்றரை நாள். இரண்டாவது அதனினும் குறைவு.

தீவைக் கடக்கும்போது இரண்டும் ஒரே தரத்தில் இருக்கவில்லை. இந்திய வானிலைத் துறையின் பகுப்பின்படி, காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருப்பின் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் 88 வரை புயல். 89 முதல் 117 வரை கடும் புயல். 118-உம் அதற்கு மேலும் மிகக் கடும் புயல் முதலிய நிலைகள். அந்தமானில் லெஹர் கடும் புயல் என்னும் நிலையிலும், ஹுட்ஹுட் புயல் என்னும் நிலையிலும் இருந்தன. பின்னர் இரண்டும் விரிகுடாவின் நடுவே மிகக் கடும் புயலாக வளர்ந்தன. ஆனால் முடிவு வேறாயிற்று. ஹுட்ஹுட் அக்டோபர் 12-ஆம் நாள் அவ்வலிமையோடு விசாகப்பட்டினத்தைத் தாக்கிப் பெருஞ்சேதம் விளைவித்தது. லெஹரோ கரையை நெருங்கும் முன்னரே விரைவாக நலிந்து, நவம்பர் 28-ஆம் நாள் மசூலிப்பட்டினத்தருகே வெறும் தாழ்வு மண்டலமாகக் கரை கடந்தது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தரைமட்டத்தில் இல்லை. புயல் என்பது வெதுவெதுப்பான கடலினின்று எழும் நீராவி மேலே குளிர்ந்து மழையாகும்போது வெளிப்படும் வெப்பத்தால் இயங்கும் ஒரு பொறி. சுற்றிலுமிருந்து வறண்ட காற்று அதனுட் புகுந்தாலும், கீழ்க்காற்றும் மேற்காற்றும் வெவ்வேறு வேகத்திலோ திசையிலோ வீசிப் புயலின் தலையை அடியினின்று பிரித்தாலும், அப்பொறி நின்றுவிடும். லெஹருக்கு நேர்ந்தது இதுவே. எனவே புயலின் இருப்பை அறியத் தரையளவு உதவினாலும், அதன் எதிர்காலத்தை அறிய மேற்காற்றின் அளவும், செயற்கைக்கோளின் படமும், கடல் வெப்பத்தின் அளவும் ஒருங்கே வேண்டும்.

இந்தியாவின் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் விரிகுடாவை இரவும் பகலும் படமெடுக்கின்றன. மேகத்தின் சுருளமைப்பைக் கொண்டு புயலின் வலிமை மதிப்பிடப்படுகிறது. இது மதிப்பீடேயன்றி நேர் அளவன்று. கடலில் மிதக்கும் அளவீட்டு மிதவைகளும், இத்தீவுகளின் நிலையங்களும் தரும் உண்மை அழுத்தமே அம்மதிப்பீட்டைச் சரிபார்க்கும் உரைகல்லாக விளங்குகிறது. இளம்புயலின் மையம் மேகத்தால் மூடப்பட்டுத் தெளிவாகப் புலப்படாத நிலையில், இரண்டு தீவுகளின் காற்றுத் திசை மையத்தின் இடத்தைக் குறுக்கித் தரும்.

எச்சரிக்கையின் விலை

பெருநிலத்தில் எச்சரிக்கை கிடைத்தால் மக்கள் உள்நாட்டுக்குப் பெயர்ந்து செல்லலாம். தீவில் அவ்வழி குறைவு. ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குச் செல்லவும், அரிசியும் எண்ணெயும் வரவும், நோயாளியைத் தலைநகர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் பெரும்பாலும் கப்பலே துணை. கடல் கொந்தளிக்கும் என்று அறிவித்தால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் இவையனைத்தும் நிற்கும். அறிவிக்காது விட்டுக் கடல் கொந்தளித்தால் உயிர்கள் போகும். ஆகவே முன்னறிவிப்பாளர் இருபுறமும் கூர்மையுள்ள கத்தியைக் கையாள்கிறார் எனலாம்.

2016 டிசம்பர் முதல் வாரத்தில் இந்நிலை யாவரும் அறிய நேர்ந்தது. பின்னர் வர்தாவாக வளர்ந்த தாழ்வு மண்டலம் தீவுகளின் அருகே பலத்த மழையையும் காற்றையும் கொணர்ந்தது. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குக் கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2018 முதல் இவை ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு எனப் பெயர் பெற்றுள்ளன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் அங்கே சிக்கினர். கடல் ஓரளவு தணிந்த பின்னர்க் கடற்படையும் கடலோரக் காவற்படையும் அவர்களை மீட்டுக் கொணர்ந்தன. கப்பல்கள் உரிய வேளையில் நிறுத்தப்பட்டமையால் பயணிகள் நடுக்கடலில் அல்லாமல் கரையில் சிக்கினர் என்பதைக் கருதுதல் வேண்டும்.

தீவுகளில் அபாயத்தின் தன்மையும் சற்று வேறானது. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரும். கடல்நீரைப் பெருமளவில் உயர்த்துவது, ஆழமற்ற கடலில் காற்று நீரைத் தள்ளிக் குவிப்பதே. 1970 நவம்பரில் இன்றைய பங்களாதேஷின் கரையில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படும் புயலின் வெள்ளம் அத்தகையது. அந்தமானைச் சுற்றிக் கடல் விரைவாக ஆழமாகிவிடுவதால், நீர் அவ்வளவு குவிவதில்லை. ஆனால் ஆழ்கடல் அலைகள் வலிமை குன்றாது கரையருகே வந்து மோதுகின்றன. செங்குத்தான மலைச்சரிவுகளில் கனமழை மண்சரிவை உண்டாக்குகிறது. வடக்கு அந்தமானின் சேடில் பீக் 700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. ஈரக்காற்று மலையில் மோதும் பக்கத்தில் மழை மிகுந்தும், மறுபக்கத்தில் குறைந்தும் பெய்வதால், ஓரிடத்து மழைமானி தீவு முழுவதற்கும் சான்றாகாது.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டுள்ளன. முதல் இரண்டும் தொலைவிலுள்ள தாழ்வையும் புயலையும் குறிப்பன. 3-உம் 4-உம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை நேரக்கூடும் என்று உணர்த்துவன. 5 முதல் 10 வரையிலானவை அபாயத்தையும் பேரபாயத்தையும் அறிவிப்பன. 11-ஆம் எண்ணின் பொருள் தனித்தன்மை வாய்ந்தது: எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை நேரும் என உள்ளூர் அதிகாரி தாமே கருதுகிறார் என்பதே அது. சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமான கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. செயற்கைக்கோள் தொடர்பும் உண்டு. ஆயினும் பலத்த காற்றில் கோபுரங்கள் சாயவும் மின்சாரம் நிற்கவும் கூடும் என்பதால் 11-ஆம் எண் பட்டியலில் இருந்துவருகிறது. அவ்வேளையில் உள்ளூர்ப் பாரமானியும், காற்றுத் திசைகாட்டியும், அவற்றை அன்றாடம் பார்த்துப் பழகிய கண்ணும் மட்டுமே எஞ்சியிருக்கும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத் தக்கவை

மழை அளவைப் பற்றிய அறிவிப்புகளைப் புரிந்துகொள்ளச் சில எண்களை நினைவில் வைத்தல் நலம். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இவை காலை 8.30 முதல் மறுநாட் காலை 8.30 வரையிலான கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். ஆகவே 200 மில்லிமீட்டர் மழையில், 100 சதுர மீட்டர்க் கூரையினின்று 20,000 லிட்டர் நீர் வழியும். இக்கணக்கை மாணவர்கள் தாமே தங்கள் பள்ளிக் கூரைக்குச் செய்து பார்க்கலாம்.

நேரான பக்கங்களையுடைய ஒரு டப்பாவும் ஓர் அளவுகோலும் இருந்தால் பள்ளியில் மழை அளக்கலாம். டப்பாவை மரத்தடியிலோ சுவரோரத்திலோ வைக்கலாகாது. திறந்த வெளியில், மண் தெறிக்காத உயரத்தில், காற்றில் சாயாதவாறு வைக்க வேண்டும். நாள்தோறும் காலை 8.30-க்கு அளந்து, மழையில்லாத நாளில் சுழியம் என எழுத வேண்டும். எழுதாது விட்ட இடம் மழையின்மையைக் குறிக்கிறதா, அளவெடுக்காமையைக் குறிக்கிறதா என்பதைப் பின்னர் எவராலும் கூற இயலாது.

காற்றுக்கு முதுகு காட்டி நின்று தாழ்வின் திசையைக் காணும் பய்ஸ் பாலட் விதியையும் மாணவர்கள் விளையாட்டுத் திடலிலேயே செய்து பார்க்கலாம். கண்ட திசையைச் செய்தித்தாளிலோ தொலைக்காட்சியிலோ வரும் வானிலை வரைபடத்தோடு ஒப்பிட்டால் பாடம் மனத்திற் பதியும். மலையும் கட்டடமும் காற்றைத் திருப்பக்கூடுமாதலால் திறந்த கடற்கரையே இதற்கு ஏற்ற இடம்.

மீனவர் குடியிருப்புகளிலும் தோட்டங்களிலும் பணியாற்றும் களப்பணியாளர்கள், அலையிலோ காற்றிலோ கண்ட மாறுதலைத் தேதி, நேரம், இடம் ஆகியவற்றோடு எழுதி அருகிலுள்ள நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். எச்சரிக்கை வெளியிடும் பொறுப்பு வானிலைத் துறையினுடையது. தனிப்பட்டோர் தாமே புயல் வருகிறதென்று அறிவித்தல் குழப்பத்தை விளைக்கும். வெளிவந்த எச்சரிக்கையை, அதிலுள்ள எண்களின் பொருளோடு, மக்களுக்குப் புரியும் மொழியில் எடுத்துரைப்பதே களப்பணியாளர் ஆற்றக்கூடிய சிறந்த உதவி. தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி, நிக்கோபாரி எனப் பல மொழிகள் வழங்கும் இத்தீவுகளில் அவ்வுதவியின் தேவை மிகுதி.

புயல் ஆண்டுக்கு ஒருமுறை வரலாம், வாராமலும் போகலாம். எஞ்சிய நாட்களிலெல்லாம் நோக்கர் எழுதுவது பெரும்பாலும் ஒரே மாதிரியான எண்களே. அவ்வெண்களின் வரிசையில் என்றேனும் ஒருநாட் காலை 3 அல்லது 4 அளவு குறைந்து காணும்போது, அதைக் குறைவென்று சொல்ல முடிவது முந்தைய நாட்களின் வரிசை பதிவேட்டில் முறையாக இருப்பதனாலேயே. விடுபட்ட நாளின் அளவைப் பின்னர் எவ்விதக் கருவியாலும் எடுக்க இயலாது.